எழில்மொழியின் வண்டிக்கு ஒரு ஃபுட்ரெஸ்ட்

தண்டையார்பேட்டையில் இறங்கி, லோகநாதன் பட்டறை எங்கே என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘மூணு சக்கரம் லோகு’ என்று கேட்டால், டீக்கடைக்காரர் பாதி ஆற்றிய டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து வழி காட்டுவார். ரயில்வே கேட்டைத் தாண்டி, ஒரு கோணிப்பை குடோனுக்கும் ஐஸ் கம்பெனிக்கும் நடுவில் இருக்கிற தகரக் கொட்டகைதான் பட்டறை. கால் முடியாதவர்களுக்கு வண்டி செய்து கொடுப்பது தொழில். இரண்டு சக்கர வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு போட்டு, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று சக்கரம் மாட்டுவான். இதே வேலையைச் செய்கிற மற்றவர்கள், இருக்கிற சக்கரத்தை அப்படியே விட்டு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரத்தை ஒட்டவைத்து, நாலு சக்கரத்தை மூன்று என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். லோகநாதனிடம் அந்தப் பித்தலாட்டம் கிடையாது. அவன் வண்டியில் எண்ணினால் மூன்றுதான் இருக்கும்.

கை நல்ல கை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நல்ல கைக்காரர்களுக்கு வருகிற வியாதி அவனுக்கும் வந்திருந்தது. யாரையும் எதையும் கேட்க மாட்டான். வருகிறவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பான். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “சரி, அடுத்த வெள்ளிக்கிழமை வா” என்பான். டேப் வைத்து அளப்பது கிடையாது. “இந்தக் கண்ணுக்கு மேல இன்னா டேப்பு?” என்பான். எந்தக் கால் மடங்கும், எது மடங்காது, பிரேக்கைக் கைக்குக் கொண்டுவர வேண்டுமா வேண்டாமா எல்லாவற்றையும் அவனே முடிவு செய்துவிடுவான். பதினாறு வருஷத்தில் இருநூறு வண்டிக்கு மேல் போயிருந்தன. திரும்பி வந்து சண்டை போட்டவர் ஒருவரும் இல்லை.

நடுவில் ஒரு சங்கத்துக்காரர்கள் அவனை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். ‘நடக்க முடியாதவர்களை நடமாட வைக்கும் புண்ணியவான்’ என்று மைக்கில் சொன்னார்கள். அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு வெல்டிங் மெஷினுக்கு மேலே மாட்டிவைத்தான். அன்றிலிருந்து அவனுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்பாள் அவன் பெண்டாட்டி அம்மு. தன்னைப் புண்ணியவான் என்று நம்பத் தொடங்கிவிட்ட ஆளோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா? பாவம் அவள்.

எழில்மொழி வந்தது இரண்டாயிரத்து மூன்று செப்டம்பரில். வியாசர்பாடிப் பெண், இருபத்தாறு வயசு. அப்பா ஆசைப்பட்டு வைத்த பெயர். தெருவில் எல்லாருக்கும் எழிலு. மூன்று வயசில் வந்த போலியோ இடது காலைக் கொண்டுபோய்விட்டது. தொடையிலிருந்து குதிகால்வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, அதை இழுத்துக் கட்ட ஆறு தோல் வார், அடியில் கனமான பூட்ஸ். காலிபர் என்பார்கள். கம்பியும் பூட்ஸும் ஒன்றாகவே இருக்கும், தனித்தனியாகக் கழற்ற முடியாது. அதைக் கட்டிக்கொண்டால் நிற்பாள், சாய்ந்து சாய்ந்து நடப்பாள். அவிழ்த்துவிட்டால் தரையில் கை ஊன்றித் தவழ வேண்டியதுதான்.

எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பில் அடிக்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. ஆயுத பூஜை முடிந்து வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டும். இதற்கு முன்னால் இரண்டு வேலை, பஸ் ஏற முடியாமலே கைவிட்டுப் போயிருந்தன. படியில் அவள் காலைத் தூக்கி வைப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். இந்தத் தடவை சொந்த வண்டியில்தான் போவது என்று முடிவு செய்து, அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்த பழைய மொபெட்டைக் கேட்டு வாங்கி, லோகநாதன் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

லோகநாதன் வழக்கம்போலக் காலைப் பார்த்தான். “சரிம்மா. ஆயுத பூஜைக்கு வண்டி ரெடி. பூசை போட்டு எடுத்துகினு போய்டு” என்றான்.

“அண்ணா, இன்னொண்ணு கீது” என்றாள் எழில்மொழி. “எனக்கு முட்டி பாதிதான் மடங்கும். சின்ன வயசுல ஆபரேசன் பண்ணி அப்டி ஆயிடுச்சி. எண்ணூரு போவ முக்கா மணி நேரம் ஆவும். அம்மாம் நேரம் மடக்கினு குந்தினா வெறச்சிப்பூடும். முன்னாடி கால நீட்டி வெச்சிக்கற மாதிரி ஒரு ஃபுட்ரெஸ்ட் வேணும்.”

லோகநாதனுக்குச் சட்டென்று பிடிபட்டது. தூரம் தொலைவு போகிற புல்லட்காரர்கள் முன்பக்கத் தடுப்புக் கம்பியில், அதாவது கார்டில், இரண்டு பக்கமும் கம்பி மாட்டி, காலை நீட்டிக்கொண்டு ராஜா மாதிரி போவார்களே, அது! இருநூறு வண்டி செய்திருக்கிறான், ஒன்றில்கூட அதை மாட்டியதில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

“ஹைவே ஃபுட்ரெஸ்ட்டு! புதுப்பேட்டைல கெடைக்கும்மா. குரோம் போட்டது, சொம்மா பளபளன்னு கீது. மாட்டனா உன் வண்டி ஷோக்கா ஆயிடும் பாரு.”

“உருட்டுக் கம்பி வேணாண்ணா. என் பாதத்துல பலமில்ல, உருண்டுடும். பட்டையா ஒரு தகடு, குதிகால் நிக்கறதுக்குப் பின்னாடி ஒரு தடுப்பு. அம்மாந்தான்.”

“அது இன்னா, தையல் மிஷினு பெடல் கணக்கா! பொம்பளப் புள்ள வண்டில அத்தப் போயி மாட்டுவாங்களா? நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்.”

அவள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். நோட்டுத் தாளில் தானே வரைந்து கொண்டுவந்திருந்த படத்தையும் நீட்டினாள். நீளம், அகலம், தடுப்பின் உயரம் எல்லாம் அங்குலக் கணக்கில் எழுதியிருந்தது. லோகநாதன் அதை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுவாரம் புதுப்பேட்டைக்குப் போனான். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற அந்தச் சந்துகளில் நுழைந்துவிட்டால் அவனுக்குச் சாப்பாடு தண்ணீர் வேண்டாம். மடங்குகிற ஃபுட்ரெஸ்ட், மடங்காதது, ரப்பர் உறை போட்டது, கம்பியில் வரிவரியாகப் பல் வெட்டியது என்று ஒரு மணி நேரம் எடுத்தெடுத்துப் பார்த்தான். ஒரு கடையில், எந்த வண்டியில் இருந்து வந்ததோ, பட்டையாகப் பாதம் பதிகிற மாதிரி இரும்புத் தட்டு ஒன்றும் கிடந்தது. கையில் எடுத்தான். கருப்பாக, துருப்பிடித்து, பார்க்கச் சகிக்கவில்லை. போட்டுவிட்டான். கடைசியில் அவன் மனசு நின்றது குரோம் கம்பியில்தான். மடக்கினால் கார்டோடு ஒட்டிக்கொள்ளும், விரித்தால் தகதகவென்று நிற்கும். இடது பக்கத்துக்கு மட்டும் கேட்டான். கடைக்காரர் ஜோடியாகத்தான் தருவேன் என்றார். அதுவும் நல்லதுதான், இரண்டு பக்கமும் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று வாங்கிக்கொண்டான்.

யார் காலுக்கு வாங்கினான் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், எழிலு காலுக்கு என்றுதான் சொல்லியிருப்பான். உண்மையில் பஸ்ஸில் வழியெல்லாம் அவன் கற்பனை செய்துகொண்டு வந்தது வேறு. திருவொற்றியூர் ஹைரோட்டில் அந்த வண்டி போகிறது, லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்து, ‘யாரு பட்டறை வண்டிப்பா இது?’ என்று கேட்கிறார்கள். காலே அந்தக் கற்பனையில் இல்லை.

ஆயுத பூஜை சனிக்கிழமை வந்தது. அன்றைக்குப் பட்டறையைப் பார்த்தால் இங்கேயே தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம் என்று தோன்றும், அத்தனை சுத்தம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த ஸ்பானர்கள் மணையில் வரிசையாக இருந்தன. வெல்டிங் மெஷினுக்கு மாலை, டிரில்லிங் மெஷினுக்குச் சந்தனம், வாசலில் வாழைக்கன்று. தரையை மூன்று தடவை கழுவிவிட்டிருந்தாள் அம்மு. வரிசையின் நடுநாயகமாக எழில்மொழியின் வண்டி, ஹேண்டில்பாரில் சாமந்தி மாலையோடு நின்றது. குரோம் ஃபுட்ரெஸ்ட் இரண்டிலும் லோகநாதன் தன் கையாலேயே சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்திருந்தான்.

குடோன் லோடுமேன்கள், ஐஸ் கம்பெனி ஆட்கள், டீக்கடைக்காரர் என்று ஒரு பன்னிரண்டு பேர் உள்ளே நின்றார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் லோகநாதன் காலையிலிருந்து ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தான், “செருப்ப வெளிய வுட்டுட்டு வாப்பா.” மற்ற நாளில் கிரீஸ் காலோடு நடக்கிற இடம்தான். இன்றைக்கு அப்படி இல்லை. வாசலுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன.

ஆட்டோ வந்து நின்றது. எழில்மொழி இறங்கினாள். இளம்பச்சைச் சுடிதார், தலையில் கொஞ்சம் பூ. லோகநாதன் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கற்பூரத்தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். யாரோ வருகிற சத்தம் கேட்டதும் பாதி திரும்பினான்.

“வாம்மா வா, கரெக்டா வந்துட்ட. செருப்ப வெளிய வுட்டுட்டு உள்ள வா.”

நாக்கு தன்னால் சொல்லிவிட்டது என்று அவன் பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது உண்மைதான். காலையிலிருந்து இருபது தடவை சொன்ன வார்த்தை, இருபத்தோராவது தடவையும் வந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் நடந்ததற்கு நாக்கின் மேல் பழி போட முடியாது.

எழில்மொழி வாசற்படியில் நின்றுவிட்டாள். “பூட்ஸாண்ணா?” என்று கேட்டாள்.

முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தான் லோகநாதன். என்ன சொல்லிவிட்டோம் என்று அந்த நொடியே புரிந்தது. பதினாறு வருஷமாகக் காலிபர் கட்டிய கால்களைத் தவிர வேறெதையும் பார்க்காதவனுக்குப் புரியாமல் போகுமா? ‘ஐயோ, உனக்கு இல்லம்மா, நீ வா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பன்னிரண்டு பேர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூட்ஸோடு ஒருத்தி பூஜைக்குள் வந்தால் இவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு யோசனை. தான் சொன்னதைத் தானே இத்தனை பேர் முன்னால் மாற்றிக்கொள்வதா என்று இன்னொரு யோசனை. இரண்டுக்கும் நடுவில் அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்.

“பூசையாச்சேமா...”

சொல்லிவிட்டு, கற்பூரம் ஏற்றுகிற சாக்கில் மறுபடி திரும்பிக்கொண்டான்.

எழில்மொழி படியில் உட்கார்ந்தாள். ஆறு வாரையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லாததால் ஒவ்வொரு கொக்கி கழன்ற சத்தமும் எல்லோருக்கும் கேட்டது. கம்பியும் பூட்ஸுமாக அதைத் தூக்கிச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பிறகு சுடிதாரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, கழுவிய ஈரத் தரையில் இரண்டு கையையும் ஊன்றி உள்ளே வந்தாள்.

நின்றிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒரு ஆள் போகத் தேவையான இடத்தைவிட அதிகமாகவே விலகினார்கள். அவள் உள்ளங்கையில் சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டி அருகில் வந்து, சீட்டைப் பிடித்து உடம்பை இழுத்து ஏறி உட்கார்ந்தாள். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி முன்னால் நீட்டினாள். பூட்ஸ் இல்லாத பாதம் ஃபுட்ரெஸ்ட்டை எட்டவில்லை. பெருவிரல் மட்டும் குங்குமத்தில் பட்டது.

“எட்டலண்ணா” என்றாள்.

லோடுமேன் ஒருவர், நல்ல மனுஷன்தான், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, “பூட்ஸ் மாட்டினா எட்டும்மா” என்றார்.

“பூட்ஸு வெளிய கீதே” என்றாள் அவள்.

சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைத்தாள் அம்மு. யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள். பூட்ஸையும் கம்பியையும் இரண்டு கையாலும் சேர்த்துத் தூக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விளக்கைத் தாண்டி உள்ளே வந்தாள்.

“ஏய் அம்மு, இன்னா பண்ற? வெளக்கு எரியுது!” என்றான் லோகநாதன். இது நாக்கு தவறி வந்ததில்லை. பதைப்போடு, கோபத்தோடு, உள்ளேயிருந்தே வந்தது.

“எரியுதுல்ல, அந்த வெளிச்சத்துல நல்லா பாரு” என்றாள் அம்மு.

அவள் குனிந்து கட்டிவிடப் போனாள். “வேணாங்கா, நானே கட்டிக்கறேன்” என்று எழில்மொழி வாங்கிக்கொண்டாள். ஆறு வாரையும் கட்டி முடிப்பதற்குள் கற்பூரம் தட்டில் எரிந்து அணைந்தது. யாரும் கும்பிடவில்லை. கட்டிய காலை மறுபடி தூக்கி ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தாள். இப்போது எட்டியது. ஆனால் கையை எடுத்ததும் பூட்ஸ் வெளிப்பக்கமாக உருண்டு, தரையில் டங்கென்று விழுந்தது. இன்னொரு தடவை வைத்தாள். இன்னொரு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை வைத்துவிட்டுக் கையை எடுக்காமலே லோகநாதனைப் பார்த்தாள்.

“உருளுதுண்ணா. அன்னிக்கே சொன்னேன்.”

“மாத்திடலாம்மா” என்றான் லோகநாதன். “பூசைல வெச்ச சாமான இன்னிக்குத் தொடக்கூடாது. நாளைக்குக் காலைல எடுத்து...” சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரே நாளில் இரண்டாவது தடவையாகப் பூஜைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம் என்று அவனுக்கே தெரிந்தது. அப்படியும் வாக்கியத்தை முடித்தான்.

“திங்கக்கெழம நான் போவணும்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள் எழில்மொழி. கழுவிய தரையில் பூட்ஸ் காலோடு நடந்து வெளியே போய் ஆட்டோ ஏறினாள். வண்டி மாலையோடு அங்கேயே நின்றது.

அப்புறம் பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி கடலை வாங்கிக்கொண்டார்கள். நடந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. டீக்கடைக்காரர் சுண்டலில் உப்பு கம்மி என்றார், இன்னொருவர் மழை வரும்போல இருக்கிறது என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட லோகநாதனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அத்தனை பேரும் அவனுக்காக வெட்கப்பட்டு வேறு பேச்சுப் பேசினார்கள்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பெல்லாம் சூடாக, காது மடல் எரிந்துகொண்டிருந்தது. சின்ன வயசில் திருடி மாட்டிக்கொண்ட ஒரு நாளில் அப்படி எரிந்தது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான். அம்மு தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

“நான் வேணும்னா சொன்னேன்? வாய் தவறி வந்துடுச்சி” என்றான் அவள் முதுகைப் பார்த்து.

“மொத தபா வாய் தவறி வந்துச்சி” என்றாள் அம்மு. “அது பூட்ஸான்னு கேட்டுச்சே, அப்ப?”

பொன்னாடை போட்டோ எதிரே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி உள்ளே வைத்துவிடலாமா என்று பார்த்தான். ஏன் கழற்றினாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அந்தப் பயத்தில் அதையும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், விஜயதசமிக்கு ஒரு கற்பூரத்தைக் காட்டிவிட்டு ஸ்பானர்களை எடுத்தான். தகடு வெட்டலாம் என்று உட்கார்ந்தபோதுதான் என்ன அளவுக்கு வெட்டுவது என்றே தெரியாது என்பது உறைத்தது. கண்ணை மூடி அந்தக் காலை நினைத்துப் பார்த்தான். தரையில் தவழ்ந்து வந்த கைகள்தான் நினைவுக்கு வந்தன. அம்மு ஒரு தாளைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். துணி துவைக்கும்போது சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறாள். எழில்மொழி வரைந்த படம். பட்டைத் தகடு, பின்னால் குதிகால் தடுப்பு, வெளிப்பக்கம் ஒரு அங்குலத்துக்கு ஒரு விளிம்பு. விளிம்புக்குப் பக்கத்தில், ‘பாதம் இந்தப் பக்கம் சாயும்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

தாளில் இருந்தபடியே வெட்டினான், வளைத்தான், பற்ற வைத்தான். மேலே டயர் ரப்பர் ஒட்டினான். பார்க்க நிஜமாகவே தையல் மிஷின் பெடல் மாதிரிதான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, மாலையைக் கழற்றிவிட்டு, அந்த வண்டியிலேயே வியாசர்பாடிக்குப் போனான்.

ஹவுசிங் போர்டு பிளாக்கில் தரைத்தளத்து வீடு. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா, வண்டியைப் பார்த்ததும் வந்திருப்பது யார் என்று புரிந்துகொண்டாள். ‘வாங்க’ என்று சொல்லவில்லை. உள்ளே போய், “எழிலு, வண்டிக்காரு வந்துகீறாரு” என்றாள். அவ்வளவுதான் மரியாதை. அதுவே அதிகம் என்றுதான் லோகநாதனுக்குத் தோன்றியது.

எழில்மொழி வந்து வண்டியில் உட்கார்ந்தாள். லோகநாதன் தரையில் உட்கார்ந்து குரோம் கம்பிகள் இரண்டையும் கழற்றினான். பையிலிருந்து டேப்பை எடுத்தான். “கால நீட்டும்மா” என்று சொல்லி, பூட்ஸின் குதிகாலைக் கையில் வாங்கினான். இத்தனை வருஷத்தில் இத்தனை கால்களைப் பார்த்தவன், ஒன்றைக்கூட இப்படிக் கையில் தாங்கியதில்லை. அதன் கனம் அவனைத் தூக்கிவாரிப் போட்டது. இதைக் கட்டிக்கொண்டா இந்தப் பெண் பஸ் படி ஏறப் பார்த்தாள்? அடித்தோல் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்து காகிதமாகியிருந்தது. அவள் எழுதியிருந்தது எவ்வளவு சரி! அளந்து, கார்டில் தகட்டை வைத்து, நட்டு முடுக்கினான்.

பிளாக்கைச் சுற்றி ஒரு ரவுண்டு போனாள். குண்டும் குழியுமான இடத்திலும் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது கால் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

“நல்லா கீதுண்ணா. நவுரவே இல்ல. நாளைக்குப் போய்டுவேன்.”

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று லோகநாதனுக்குத் தெரிந்தது. தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“எழிலு, நேத்து...”

“வுடுண்ணா.”

“இல்லமா. மொத தபா வாய் தவறி சொல்லிட்டேன். நீ கேட்டப்ப தவறல. தெரிஞ்சிதான் சொன்னேன். நாலு பேர் இன்னா சொல்வாங்களோன்னு சொன்னேன். என்ன மன்னிச்சிடும்மா.”

அவள் ஹேண்டில்பாரில் ஒட்டியிருந்த ஒரு சாமந்தி இதழைக் கிள்ளிக் கீழே போட்டாள்.

“கோயில்ல, கல்யாண வூட்ல, சாவு வூட்ல, எங்கியும் கழட்டிட்டுத் தவழ்ந்துதாண்ணா போறேன். பழகிடுச்சி, அதுல ஒண்ணுமில்ல. உன் பட்டறைக்கு வரும்போது மட்டும் அந்த நெனப்பே வரல. இது நம்ம ஆளுங்க எடம், இங்க கழட்டச் சொல்ல மாட்டாங்கன்னு வந்துட்டேன். அதாங் கஷ்டமாப் போச்சி.”

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வண்டியை அணைத்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவளாகக் கேட்டாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“ஏண்ணா, வருசா வருசம் பூசை போடறியே. உன் வண்டி ஓட்டறவங்கள்ல யாருனா ஒருத்தரு உள்ள வந்துகீறாங்களா?”

“வராம இன்னா? எல்லாருக்கும் சொல்லியனுப்புவேன்மா. வருவாங்க. ரோட்டுல வண்டிலயே குந்திகினு பொரி வாங்கினு...”

அதோடு நிறுத்திக்கொண்டான். உள்ளே அம்மா கூப்பிட, இறங்கிச் சாய்ந்து சாய்ந்து வீட்டுக்குள் போனாள்.

லோகநாதன் கையில் ஸ்பானரோடு அங்கேயே உட்கார்ந்திருந்தான். துறைமுகத்தில் காலை இழந்து கட்டைக்கால் பொருத்திக்கொண்ட லியாகத் அலி வருஷம் தவறாமல் வருவார், வாசலோடு போய்விடுவார். பாய் நம் பூஜைக்குள் எப்படி வருவார் என்று லோகநாதன் நினைத்துக்கொள்வான். டீச்சரம்மா ஒருத்தி வருவாள், அவளும் இறங்க மாட்டாள். அவசரம் போலிருக்கிறது என்று விட்டுவிடுவான். ராயபுரத்தில் லாட்டரிச் சீட்டு விற்ற துரைக்கு இரண்டு காலிலும் காலிபர். ஒரு வருஷம் லோகநாதன் வாசலில் நின்று, இன்றைக்கு இவனை விடுவதில்லை என்று சத்தமாகவே கூப்பிட்டான். “இன்னாடா வெக்கம், உள்ள வாடா!” துரை குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். “வேணாண்ணா, இங்கியே நல்லா காத்தா கீது” என்று சிரித்தான். பதினோரு வருஷமாக அந்தச் சிரிப்பை லோகநாதன், தன் வண்டி கிடைத்த சந்தோஷத்தில் ஒருவன் சிரித்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.